வேலூரா, வீலூரா?

வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எழுத்துக்கூட்டலைச் சீராக்கினால் உச்சரிப்பு தானாக வந்துவிடும் என்கிறது அது. வேலூர்க்காரனான என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிய அரசாணை வெளியானதே, நினைவிருக்கிறதா? ‘வே’ நெடில் என்று காட்டுவதற்காக ஆங்கில ‘ஈ’யை இரண்டு முறை போட்டார்கள், அதை வாசித்தவர்கள் எல்லாரும் ‘வீலூர்’ என்றார்கள். (நல்லவேளை, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.)

காந்தி சாலைப் பக்கம் வந்து பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளுக்காகக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தும் இருக்கும். அதில் எங்கள் ஊர், மூச்சு கலந்த பகரத்தோடு ‘பெலோர்’ என்பதுபோல ஒலிக்கும். அவர்கள் மொழியில் நம் வகர ஒலி இல்லை. பலகை வைத்த மளிகைக்காரருக்கு அதில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் அரிசி விலையை வங்காளத்தில் பிசகில்லாமல் சொல்வார், பேரமும் பேசுவார். எல்லாம் காதால் கற்றது.

தமிழில் ழகரத்துக்கென்றே தனி எழுத்து இருக்கிறது. அப்படியும் ‘வாளைப்பளம்’ கேட்கிறவர்கள் எத்தனை பேர்? வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு முறை எழுதிவரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள், சத்தமாகப் படித்துக்காட்டுங்கள்.