43 விழுக்காடு மரணத்துக்கு உரியதன்று

'ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை இதயநோய் மரணத்தை 43 விழுக்காடு கூட்டுவதாக மருத்துவர் ஸ்டீவன் நிசன் சோதனை நடத்தி நிரூபித்தார்' என்று எழுதப்பட்டிருப்பது தவறு. 2007இல் வெளியான நிசனின் கட்டுரை, ஏற்கெனவே நடந்திருந்த 42 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டதே தவிர, நோயாளிகளைப் புதிதாகச் சேர்த்து நடத்திய ஆய்வன்று. 43 என்பது அதில் மாரடைப்புக்கு உரிய எண். இதயநோய் மரணத்துக்குக் கிடைத்த வாய்ப்பு விகிதம் (மருந்து பெற்றோரில் அது நேரும் வாய்ப்பை மற்றோரின் வாய்ப்போடு ஒப்பிடும் எண்; 1 என்றால் வேறுபாடில்லை) 1.64, ஆனால் அதன் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 1க்குக் கீழே, 0.98இல் தொடங்குவதால், அந்த உயர்வு தற்செயலானதாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது (கட்டுரைச் சுருக்கத்திலேயே இந்த எண்கள் உள்ளன). மாரடைப்புகளும் மருந்து பெற்றோரில் 86, மற்றோரில் 72 என்ற அளவில்தான் பதிவாயின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் இம்மாத்திரைக்கு விதித்த கடுமையான கட்டுப்பாடுகளை 2013இல் பெரிதும் தளர்த்தியதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.