மாஸ்க் படத்தை அழிக்காது

தம்பி, போட்டோஷாப்பில் மாஸ்க்கில் (லேயரின் எந்த இடம் தெரிய வேண்டும் என்பதைக் கறுப்பு வெள்ளையால் காட்டும் மறைப்பில்) கறுப்புப் பூசினால் படத்தின் அந்த இடமே அழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்பது படத்தின் மேல் தனியாக வைக்கும் வெளிச்ச, நிறத் திருத்த அடுக்கு; அதன் மாஸ்க்கில் கறுப்பு அந்தத் திருத்தத்தை மட்டும்தான் மறைக்கும்; வெள்ளை பூசினால் திரும்ப வரும், கீழே உள்ள படத்தில் ஒரு பிக்சலும் மாறாது. போன வாரம் அப்புத்தளையில் விடியற்காலை எடுத்த படத்தில் பனிமூட்டம் வெளுத்துப்போயிருந்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயர் போட்டுக் குறைத்தால் கொழுந்து பறிக்கும் அக்காவின் முகமும் சேர்ந்து இருண்டுவிட்டது. மென்மையான பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவையில் பூசும் அளவு) 10 வீதம், முகத்தில் மட்டும் மெதுவாகக் கறுப்பு. கை தவறிக் கூடைக் கயிறு வரை போனதை அப்புறம் வெள்ளையால் சரிசெய்தேன். 1996இல் வந்த போட்டோஷாப் 4.0இலிருந்தே இப்படித்தான். ஜேபெக்காக மட்டும் சேமித்தால் லேயர்கள் போய்விடும், லேயர்களோடு சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.