கதையை வாங்கினோம், விசாரணையை ஏன் வாங்கவில்லை?

மலையாளத்தில் ஒரு படம் ஓடினால் போதும், உடனே உரிமையை வாங்கித் தமிழில் எடுத்துவிடுகிறார்கள், நம்மிடம் என்ன கதைப் பஞ்சமா என்று நண்பர்கள் பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது வேலூரில். சித்தூர் சாலையில் சற்றுத் தூரம் போனால் தெலுங்கு தொடங்கிவிடும். வாணியம்பாடியில் பல வீடுகளில் பேச்சு உருதுதான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மலையாளமும் வங்காளமும் காதில் விழாத நாளே இல்லை. கதைகள் மொழி மாறி வருவது எங்களுக்குப் புதிதல்ல, குற்றமும் அல்ல.

என் வருத்தம் வேறு. வாங்கும்போது எதை எடுத்துக்கொள்கிறோம், எதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

'திரிஷ்யம்' 2013இல் மலையாளத்தில் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே இயக்குநர் ஜீத்து ஜோசப் அதைத் தமிழில் 'பாபநாசம்' ஆக்கினார். இடுக்கி மலையிலிருந்த குடும்பம் நெல்லைப் பேச்சோடு தாமிரபரணிக் கரைக்கு வந்துவிட்டது. கதை வேறிடத்தில் பிறந்தது என்ற நினைவே வரவில்லை. 'பிங்க்' அப்படி வரவில்லை. இந்தியில் அது மூன்று பெண்களின் கதை. அவர்களுக்காக வாதாட வருகிறவர் வயதான, மனநோயோடு போராடுகிற ஒரு வழக்கறிஞர். தமிழில் 2019இல் 'நேர்கொண்ட பார்வை' ஆனபோது அவருக்கு ஒரு சண்டைக்காட்சியும் மனைவியோடு ஒரு பழைய காதல் கதையும் சேர்ந்துவிட்டன. 'வேண்டாம் என்றால் வேண்டாம்தான்' என்று நம் ஊர்த் திரையரங்குகளில் உரக்கச் சொன்ன படம் அது. அதற்கான மதிப்பை நான் குறைக்கமாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் மறுப்பைக் கேட்பதற்குக்கூட முதலில் நாயகன் நான்கு பேரை அடித்துக் காட்ட வேண்டும் என்று நம்மை எடைபோட்டிருக்கிறார்களே, அது எனக்கு வலித்தது.

அதைவிட அதிகம் வலித்தது 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. ஜியோ பேபி 2021இல் மலையாளத்தில் எடுத்த படம். தேய்ப்பதும் துடைப்பதும் அரைப்பதும் எச்சில் தட்டு எடுப்பதுமாக ஒரு பெண்ணின் நாளை அப்படியே முன்னால் வைத்த படம். 2023இல் கண்ணன் இயக்கத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழில் வந்தது. ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி மூலத்தையே பின்பற்றினார்கள். அது மரியாதை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது நழுவவிட்ட வாய்ப்பு.

ஏனென்றால் மூலக்கதையின் நாயகி நடன ஆசிரியையாக விரும்புகிறாள்; அவளை வேலைக்குப் போக விடுவதில்லை. எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளின் கதை அதுவல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையில் போகும் வேன்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைக்குப் போகாதே என்று இங்கே யாரும் சொல்வதில்லை. போ, ஆனால் மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுப் போ என்கிறார்கள். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் அடுப்பை அணைத்த கையோடு மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இடுப்பு நிமிராமல் சுற்றுகிற அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று கணவனே சொல்கிறான். இந்தச் சமையலறைக்குள் கேமராவைக் கொண்டுவந்திருந்தால் அது நம்முடைய படமாகியிருக்கும். மலையாள இயக்குநரே எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

சரி, படத்தை விடுங்கள். கேரளத்திலிருந்து நாம் வாங்காமல் விட்ட மிகப் பெரிய ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுப் பாலியல் ரீதியாகத் தாக்கப்பட்டார். அங்குள்ள திரைப்படப் பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு அரசிடம் போனார்கள். திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதைப் படித்தபோது என்னை அதிகம் உலுக்கியது பெரிய பெயர்கள் பற்றிய ஊகம் அல்ல. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாள் முழுவதும் இருக்கிறார்கள் என்ற செய்திதான்.

தமிழில் என்ன நடந்தது? 2018இல், பாலியல் தொல்லையை வெளியே சொல்லும் மீ டூ குரல்கள் எழுந்தபோது வெளிப்படையாகப் பேசிய பாடகி சின்மயி அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று சங்கம் காரணம் சொன்னது. 2024 செப்டம்பரில் நடிகர் சங்கத்தின் புகார்க் குழு, பாலியல் குற்றம் உறுதியானால் திரைத்துறையில் ஐந்து ஆண்டுகள் தடை என்று தீர்மானம் போட்டது; வரவேற்கிறேன். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் ஊடகங்களிடம் போகாமல் முதலில் எங்களிடம் வாருங்கள் என்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. வேலை கொடுப்பவர்களும் விசாரிப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கும்போது ஒரு துணை நடிகை எந்த நம்பிக்கையில் அந்தக் கதவைத் தட்டுவாள்?

நாமோ வேறெங்கோ இருக்கிறோம். ஒரு நடிகையின் விவாகரத்து என்றால் ஆயிரக்கணக்கில் கருத்துகள். யார் பக்கம் தவறு என்று அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்ததுபோலத் தீர்ப்பு எழுதுகிறோம். அவள் நிற்கும் தளத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்ட பதிவை நான் பார்க்கவில்லை.

நல்லதை வாங்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்கள் கேரளத்தில் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாகப் பெற்றார்கள். 2021இல் தமிழ்நாடு அதேபோன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெருமையாக இருந்தது. எங்கள் ஊர் ஜவுளிக் கடை ஒன்றில் அந்த நாற்காலிகளின்மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துச் சண்டை போட்டேன் என்பது வேறு விஷயம். சட்டம் இருந்ததால்தான் சண்டை போட முடிந்தது.

அதனால் தமிழ்த் திரையுலகுக்கும் ஒரு குழு வேண்டும் என்று கேட்கிறேன். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில், சங்கங்களுக்கு வெளியே, அரசே அமைக்கும் குழு. ஒப்பனைக் கலைஞர், துணை நடிகை, நடனக் குழுப் பெண், உடை உதவியாளர் எல்லோரும் பயமின்றிப் பேசட்டும். பேசியவர்களின் பெயர்களை மறைத்து அறிக்கையை வெளியிடட்டும். ஆனால் கேரளத்தில் செய்ததுபோல நான்கரை ஆண்டுகள் பூட்டி வைக்கக் கூடாது.