அந்த 10 வெள்ளியைக் கொடுத்தது யார்?
தலைவர்கள் சரியில்லை, அதனால்தான் மலேசியத் தமிழர்களான நம் சமூகம் பின்தங்கியது என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர். வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) போடச் சொன்னார். அவர் நேர்மை பெரிது. ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்தது யார்? ரப்பர்ப் பால் எடுக்க விடியுமுன் பால்மரம் வெட்டப் போன என் அம்மா, மளிகைக் கடையில் கடன் நிற்கும்போதும் அந்த 10 வெள்ளியைத் தனியாக எடுத்து வைப்பார். அப்புறம் நான்? தோட்டத்துக் கோயில் குழுவில் இருந்தபோது, தலைவர் மாமா முறை என்பதால் இரண்டு வருடம் கணக்கைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கூரைக்கு வசூலித்த பணம் குறைகிறது என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. எனக்கு முன் இங்கே கருத்து எழுதிய ஒருவர், ஏழைகளான நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறார். ஐயா, என் அம்மாவைவிட நான் எவ்வளவோ வசதியானவன். உறவு முறிந்துவிடுமே என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. இந்த ஆண்டுக் கூட்டத்தில் ரசீதுப் புத்தகத்தைக் கேட்கப் போகிறேன், மாமா முன்னால் உட்கார்ந்திருந்தாலும்.