ஓட்டில் துளை போட்டால் குழந்தை வந்துவிடுமா?

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிய அத்தனை பேருக்கும் சேர்த்து இந்தப் பதில். எந்தக் காணொளி என்று சொல்லவே வேண்டாம். வெள்ளைக் கோட்டு, பின்னணியில் உருக்கமான இசை, திரையில் ஒரு கரு தன் உறையைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. "ஹேட்சிங் செய்யாததால்தான் உங்கள் கரு ஒட்டவில்லை." ஒரே வரியில் தீர்ப்பு. ஹேட்சிங் என்றால், ஐவிஎஃப் சிகிச்சையில் ஆய்வகத்தில் உருவான கருவின் உறையில் லேசர் போன்றவற்றால் துளை போட்டு, அது வெளியே வர, அதாவது பொரிய, உதவுவது.

சரி, கரு பொரிந்தாக வேண்டும். யார் மறுத்தார்கள்? கருவைச் சுற்றி ஜோனா பெல்லுசிடா என்ற உறை இருக்கிறது. இரண்டாவது விந்தணுவை உள்ளே விடாமல் தடுப்பதும், கரு போகிற வழியில் கருக்குழாயிலேயே ஒட்டிவிடாமல் காப்பதும் அதுதான். ஐந்தாறு நாளில் கரு ப்ளாஸ்டோசிஸ்ட் என்ற நிலையை அடைகிறது, உள்ளே நீர் கோத்து உப்புகிறது, உறை மெலிகிறது, நொதிகளும் கரைக்கின்றன, வெளியே வருகிறது. வராவிட்டால் கருப்பைச் சுவரைத் தொடவே முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் பொரிவது வேறு, ஒட்டுவது வேறு.

பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரு ஒன்பதாம் நாள் வாக்கில் பொரிந்துவிடும். கருப்பைச் சுவரைப் பற்றத் தொடங்குவதோ ஏறக்குறைய 20ஆம் நாளில். நடுவில் அது நூல்போல நீண்டு, இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, "நான் இருக்கிறேன்" என்று தாயின் உடலுக்குத் தெரிவிக்க வேண்டும். பல கருக்கள் அழிவது இந்த இடைவெளியில்தான், உறையை உதறிவிட்டு வந்த பிறகு. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் எலியில் இன்னும் விசித்திரம். பொரிந்த கரு, ஒட்டாமல், நாள்கணக்கில் கருப்பைக்குள் சும்மா காத்திருக்கும். கருப்பை தயாரானால்தான் ஒட்டும். அதற்கு யார் லேசர் போடுவது?

"நீ என்ன டாக்டரா?" இல்லை. ஆனால் சொல்வது நான் மட்டுமல்ல. 1990இல் கருவியல் ஆய்வாளர் ஜாக் கோஹனின் குழு இந்த ஹேட்சிங் முறையைப் பற்றி எழுதியபோது நம்பிக்கை நியாயமானதுதான். அப்புறம் 2013இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, கர்ப்ப விகிதம் கூடுவதாக நிரூபணம் இல்லை, பரிந்துரைக்கவில்லை என்றது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் 2021 கோக்ரேன் தொகுப்போ, கையில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட கரு தங்கும் வாய்ப்பு வேண்டுமானால் கூடலாம் என்றது. ஸ்கேனில் தெரியும் கர்ப்பம் வேறு, பிறக்கும் குழந்தை வேறு. காணொளியில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் எதைப் பற்றிப் பேசினார் என்று திரும்பக் கேளுங்கள்.

"என் தங்கைக்கு ஹேட்சிங் செய்துதானே குழந்தை பிறந்தது?" சந்தோஷம். செய்யாமலும் பிறந்திருக்கலாம், அதை யார் எப்படிச் சொல்வது? உறை தடித்திருக்கிறது, உறைய வைத்து எடுத்த கரு என்று காரணம் காட்டி ஆய்வகத்தில் கருவைக் கவனிக்கும் ஒரு எம்ப்ரியாலஜிஸ்ட் செய்யச் சொன்னால் அது அவர் முடிவு, அதில் எனக்குச் சண்டை இல்லை. எல்லோருக்கும் ஒரே மந்திரம் என்று விற்பதில்தான் சண்டை.

இத்தனைக்கும் என் கருவுக்கும் லேசர் போட்டார்கள். பாதி வெளியே எட்டிப் பார்க்கும் கருவைத் திரையில் காட்டி, "பாருங்க, எவ்வளவு அழகா வருது" என்றார்கள். நானும் பார்த்தேன். அது ஒட்டவில்லை. அடுத்த தடவை காரணம் உறையிலிருந்து கருப்பைச் சுவருக்கு மாறிவிட்டது. குரோமோசோம் ஒன்று கூடவோ குறையவோ இருந்திருந்தால் எந்த லேசராலும் அதைச் சரிசெய்ய முடியாது, கரு நிற்காமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அது என்பதை நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் காணொளியை அனுப்பிவிட்டு, "நீ இதைச் செய்யலையாமே?" என்று கேட்கிறீர்கள். ஏதோ நான் காசு மிச்சம் பிடிக்க என் குழந்தையை உறைக்குள்ளேயே பூட்டி வைத்த மாதிரி. பொரியவில்லை என்றாலும் நான், பொரிந்து ஒட்டவில்லை என்றாலும் நான். அந்தக் கருவில் பாதி என் கணவருடையது. ஏன் ஒட்டவில்லை என்று அவரிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.