83 ஹெர்ட்ஸ் மிஷின்

(தர்மபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு தையல் கடை. பத்தடிக்கு எட்டடி. பாதியைக் கட்டிங் டேபிள் பிடித்துக்கொண்டது. மீதி இடத்தில் டெய்லர், மிஷின், 'நாளைக்குக் கட்டாயம்' என்று வாக்குப் பெற்றுப் போனவர்களின் துணிகள். பையனின் அம்மா டெய்லரை அண்ணா என்று கூப்பிடுவதால் பையனுக்கு அவர் மாமா.)

டெய்லர்: வா மாப்ளே, வா வா! (கடன் வாங்கியவரும் டெய்லரும்தான் இவ்வளவு பாசமாக வரவேற்பார்கள்.)

பையன்: அம்மாவோட ஜாக்கெட்டை வாங்க வந்தேன் மாமா. ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில் கல்யாணம்.

டெய்லர்: அது கிடக்கட்டும். உன் முகம் ஏன் வாடியிருக்கிறது?

பையன்: ஒரு மானிட்டருக்காகக் காத்திருக்கிறேன் மாமா. அதற்கு ஒரு உறையும் தைக்கணும். சேலம் ரோட்டுப் புழுதிதான் தெரியுமே, நாலு லாரி போனால் டேபிளில் பெயர் எழுதலாம்.

டெய்லர்: தைத்துவிட்டால் போச்சு. அளவுக்கு மானிட்டரைக் கொண்டுவந்தாயா?

பையன்: இன்னும் வாங்கவில்லை.

டெய்லர்: சரி, எந்தக் கடையில் இருக்கிறது?

பையன்: இன்னும் விற்பனைக்கே வரவில்லை.

டெய்லர்: (கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி) முப்பது வருஷமாகத் தைக்கிறேன். பெண் பார்க்கும் முன்னாடியே பிள்ளைக்குச் சட்டை தைக்க வந்தவன் நீ ஒருத்தன்தான். அளவையாவது சொல்.

பையன்: 34 இஞ்ச்.

டெய்லர்: (நோட்டில் எழுதிக்கொண்டே) இடுப்பா, நெஞ்சா?

பையன்: மூலைக்கு மூலை மாமா. குறுக்காக அளப்பது.

டெய்லர்: அப்படி அளந்தால் நான்கூட ஆறடி. அகலம் எவ்வளவு?

பையன்: 31 இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். உயரம் 13 இஞ்ச்தான். சாதாரண மானிட்டர் 16க்கு 9 என்றால் இந்த அல்ட்ராவைட் 21க்கு 9.

டெய்லர்: 80 சென்டியா? ஜாக்கெட் பிட்டு! (அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் துணியை உருவி டேபிளில் விரிக்கிறார்) இந்த அளவுதானே? இத்தனை அகலத்தில் என்ன பார்ப்பாய்?

பையன்: கார் ரேஸ். இரண்டு பக்கக் கண்ணாடியும் தெரியும். அதுவும் இது வளைந்த மானிட்டர்.

டெய்லர்: தொப்பூர் கணவாய் மாதிரியா?

பையன்: 1000ஆர். ஆர் என்றால் ஆரம், மில்லிமீட்டர் கணக்கில். 1 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(இதை விளக்கப்போய்ப் பையன் இதுவரை யாரிடமும் ஜெயித்ததில்லை. டெய்லர் ஒன்றும் பேசவில்லை. இஞ்ச் டேப்பின் நுனியை டேபிள் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். 1 மீட்டர் கோட்டில் சாக்பீஸைச் சேர்த்துப் பிடித்தார். ஒரே இழுப்பு. பச்சைத் துணியின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை வில் ஒன்று விழுந்தது. அம்பர்லா பாவாடைக்கு வளைவு போட்டுப் போட்டுப் பழகிய கை.)

டெய்லர்: இதுதானே? கட்டைவிரல் இருக்கிற இடத்தில் உன் மூக்கு. வில்லில் எங்கே தொட்டாலும் மூக்கிலிருந்து ஒரே தூரம்.

பையன்: மாமா! அதேதான்!

டெய்லர்: (ஸ்கேலை வில்லின் இரண்டு நுனிக்கும் வைத்துப் பார்த்து) நடுவில் 3 இஞ்ச் குழி. உறைக்குப் பின்பக்கம் டாட் பிடிக்கணும். இல்லாவிட்டால் இளைத்தவன் பழைய சட்டையைப் போட்ட மாதிரி தொங்கும். சரி, இதற்கு ஏன் காத்துக் கிடக்கிறாய்? வேறு மானிட்டரே இல்லையா?

பையன்: வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். எனக்கு 240 வேண்டும்.

டெய்லர்: என் மிஷின் மோட்டார் வைத்தது. முழுசாக மிதித்தால் நிமிஷத்துக்கு 5000 தையல்.

பையன்: (செல்போனில் கணக்குப் போட்டு) நொடிக்கு 83. மாமா, உங்க மிஷின் 83 ஹெர்ட்ஸ்!

டெய்லர்: உன் மானிட்டர் 60தானே? (மிஷினின் தலையைத் தடவி) கேட்டாயா கண்ணு?

பையன்: ஆனால் மானிட்டர் மட்டும் ஓடினால் போதாது. கிராபிக்ஸ் கார்டு அத்தனை படத்தையும் வரைந்து அனுப்பணும். அகலத்தில் 3440, உயரத்தில் 1440 என்றால் ஒரு படத்துக்கே கிட்டத்தட்ட 50 லட்சம் புள்ளி. கார்டு திணறினால் மானிட்டர் வந்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்டும்.

டெய்லர்: துணியை நகர விடாமல் பெடலை மட்டும் மிதித்தால் ஒரே இடத்தில் தைத்துக்கொண்டிருக்கும். அது மாதிரி.

பையன்: அப்படியே. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படம் நடுவில் கிழியும்.

டெய்லர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) கிழியுமா?

பையன்: மேலே பழைய படம், கீழே புதுப் படம், நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு கோடு. அதற்குத்தான் 2013-ல் கார்டு செய்யும் என்விடியா கம்பெனி ஜி-சிங்க் கொண்டுவந்தது. 2015-ல் போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் வந்தன. கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போதுதான் மானிட்டர் புதுப்பிக்கும்.

டெய்லர்: கால் மிஷின்! மிதித்தால்தான் ஓடும். எங்க அப்பாவிடம் அப்போதே இருந்தது.

(உவமையில் குற்றம் கண்டுபிடிக்கப் பையன் முயன்றான். முடியவில்லை.)

டெய்லர்: எத்தனை நாளாகக் காத்திருக்கிறாய்?

பையன்: 2022-லிருந்து. வருஷா வருஷம் ஜனவரியில் லாஸ் வேகாஸில் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும். அந்த வருஷம் அதில் டெல் கம்பெனியின் ஏலியன்வேர் 34 இஞ்ச் ஒன்றைக் காட்டினார்கள். ஓஎல்இடி, 175 ஹெர்ட்ஸ்.

டெய்லர்: ஓஎல்இடி என்றால்?

பையன்: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அணைந்தேபோகும். ஒரே ஒரு பயம், அசையாத படத்தை நாள்கணக்கில் வைத்தால் அதன் தடம் அப்படியே தங்கிவிடலாம்.

டெய்லர்: இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி. (அது யாருடைய வேட்டி என்பது கடையில் பேசக் கூடாத விஷயம்.) அதை ஏன் வாங்கவில்லை?

பையன்: 240 வரட்டும் என்று இருந்தேன். அடுத்த வருஷமே எல்ஜியில் 240 வந்தது. ஆனால் 45 இஞ்ச், 800ஆர். அதை வைத்தால் நான் பீரோவுக்குள் உட்கார்ந்துதான் விளையாடணும்.

டெய்லர்: அப்புறம்?

பையன்: அப்புறம் 34 இஞ்சிலேயே 240 வந்தது. சிலது 1800ஆர், வளைவு பத்தாது. சிலது 800ஆர், வளைவு ஜாஸ்தி. நடுவில் 1000ஆருக்காகத்தான் காத்திருக்கிறேன்.

டெய்லர்: ஜனவரியில் காட்டுவது கைக்கு எப்போது வரும்?

பையன்: மாசக்கணக்கில் ஆகும். நம்ம ஊருக்கு இன்னும் மெதுவாக. 'விரைவில்' என்று போட்டிருப்பார்கள்.

டெய்லர்: தேதி?

பையன்: பெரும்பாலும் இருக்காது.

டெய்லர்: யாரும் வாசலில் வந்து நின்று சத்தம் போட மாட்டார்களா?

பையன்: எதற்கு மாமா? ஆசையாகக் காத்திருப்போம்.

டெய்லர்: (நீண்ட பெருமூச்சு) முப்பது வருஷம் தப்பான தொழிலில் இருந்துவிட்டேன் மாப்ளே.

(பையன் அப்போதுதான் வில்லுக்கு அடியில் இருக்கும் துணியைச் சரியாகப் பார்க்கிறான். பச்சை. அரக்குக் கரை. மூலையில் குண்டூசி குத்திய சீட்டு. சீட்டில் அம்மாவின் பெயர்.)

பையன்: மாமா, இந்தத் துணி...

டெய்லர்: எந்தத் துணி?

பையன்: இது அம்மாவோட ஜாக்கெட் பிட்டு! ஆடியில் கொடுத்தது. இன்னும் வெட்டக்கூட இல்லையா?

டெய்லர்: கோடு போட்டாச்சே.

பையன்: அது என் மானிட்டருக்குப் போட்ட கோடு! 83 ஹெர்ட்ஸ் மிஷினை வைத்துக்கொண்டு ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு வாரமா?

டெய்லர்: மிஷின் 83தான். கார்டும் ஓடணும் என்று நீதானே சொன்னாய்? கார்டுக்கு வயசு 56 ஆகிறது.

(செல்போன் அடிக்கிறது. திரையில் 'அம்மா'.)

பையன்: இப்போ நான் என்ன சொல்வது?

டெய்லர்: காட்சிக்கு வைத்தாச்சு, விரைவில் விற்பனைக்கு வரும் என்று சொல்.

பையன்: நீங்களே சொல்லுங்க. (ஸ்பீக்கரைப் போட்டு நீட்டுகிறான்)

டெய்லர்: (ஒரே தாவலில் ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை மிதித்தபடி) உன்னுடையதைத்தான் தங்கச்சி தைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் கேட்கிறதா?

(மிஷின் 83 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஊசிக்குக் கீழே துணி இல்லை.)