விதியைக் கொஞ்சம் பிறகு சொல்லுங்கள், முதலில் புளியங்கொட்டையைக் கொடுங்கள்

கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்றால் இரட்டைப்படை. 1, 3, 5, 7, 9 என்றால் ஒற்றைப்படை. சின்னப் பிள்ளைகளை இதைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். விதியில் தப்பில்லை. ஆனால் அதை முதலில் சொல்வது தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

சேலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறேன். விதியை மட்டும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளையிடம் 34 ஒற்றையா இரட்டையா என்று கேட்டால், ஒற்றை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கண்ணில் முதலில் படுவது அந்த 3 தானே. கடைசி இலக்கத்தைப் பார் என்றால் உடனே திருத்திக்கொள்வார்கள். சரி, ஏன் கடைசி மட்டும், முன்னால் நிற்கும் 3 என்ன பாவம் செய்தது என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்கு யாரும் அதைச் சொன்னதே இல்லை.

நான் புளியங்கொட்டையில்தான் தொடங்குவேன். நம் பாட்டிமார் ஒத்தையா ரெட்டையா ஆடியது இதை வைத்துத்தான். உள்ளங்கையில் மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னதும் தரையில் கொட்டி, இரண்டிரண்டாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இருபது வரை எண்ணத் தெரியாத பிள்ளைகூட இதை ஆடிவிடும். துணையில்லாமல் ஒன்று மிஞ்சுகிறதா என்று பார்த்தால் போதும்.

என்னிடம் வரும் ஒரு சிறுமியின் வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். அவள் அம்மா வெள்ளிப் பட்டறை வேலையை வீட்டிலேயே செய்கிறார். அவளிடம், ‘பதினேழு கொலுசு இருக்கு, என்ன ஆகும்?’ என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ‘ஒண்ணு தனியா நின்னுடும் மிஸ். அதை யாரு வாங்குவாங்க?’ என்றாள். பதினேழின் கடைசி இலக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

இது பிடிபட்ட பிறகு 34க்கு வருவோம். கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்வேன். மூன்று கூறு வரும், உதிரியாக நாலு இருக்கும். ஒரு கூறைப் பிரித்து ஜோடி சேர்த்தால் ஐந்து ஜோடி, மிச்சமே இல்லை. அடுத்த கூறும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது கூறைத் தொடும்போதே பெரும்பாலும் யாராவது ஒருவர், ‘இதைப் பிரிக்கவே வேண்டாம் மிஸ், உதிரியை மட்டும் பார்த்தா போதும்’ என்று சொல்லிவிடுவார்கள். மனப்பாடம் செய்ய வைத்த அதே விதிதான். இப்போது அது அவர்களுடைய சொத்து. நூறு, ஆயிரம் என்றாலும் பயமில்லை; எல்லாமே பத்துகளால் ஆனவைதானே.

பூச்சியமும் இப்படியே வந்துவிடும். வெறும் கையைத் திறந்து காட்டிக் கேட்பேன். துணையில்லாமல் ஏதாவது நிற்கிறதா? இல்லை. அப்போது இரட்டைதான். பெரியவர்களே தடுமாறும் இடம் இது. 2016 ஜனவரியில் டெல்லியில் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, ஒற்றைத் தேதியில் ஒற்றை, இரட்டைத் தேதியில் இரட்டை என்று கார்களை ஓடவிடும் முறை கொண்டுவந்தபோது, எண் 0இல் முடியும் வண்டிகள் இரட்டைத் தேதிகளில்தான் ஓடின.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் வகுப்பறை ஒன்று உண்டு. 1990இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டெபோரா பால் என்பவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பையன், 6 ஒற்றையும்தான், இரட்டையும்தான் என்றான். ஆறில் மூன்று ஜோடி இருக்கிறது, மூன்று ஒற்றைப்படை ஆயிற்றே என்பது அவன் வாதம். அவர் அவனை உட்கார வைத்துவிடவில்லை. வகுப்பையே அதைப் பற்றிப் பேச விட்டார். 2, 6, 10, 14 என்று ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வரும் எண்களுக்கு அந்த வகுப்பு அவன் பெயரையே வைத்தது: ஷான் எண்கள். கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இப்படி ஒரு யோசனை வருமா?

பள்ளியில் இப்படி ஆடிக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பார்கள். ஆனால் 2022இல் நம் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை செயல்பாடு வழியாகக் கற்பிக்கத்தான் வந்தது. எனக்கு வருத்தமெல்லாம் இரட்டை எண் பலூனுக்குச் சிவப்பு, ஒற்றைக்கு நீலம் என்று வீட்டுக்கு வரும் தாள்கள்மேல்தான். ஒரு பொருளைக்கூடத் தொடாமல் பிள்ளை பக்கம் பக்கமாக வண்ணம் தீட்டிவிடுகிறது. அம்மா அப்பாக்கள் ஒரு கைப்பிடி கொட்டையோடு பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், அடுத்த முறை பிள்ளைகளோடு ஏற்காடு போனால் இதைச் செய்து பாருங்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் தாண்டியதும், இதுவரை எத்தனை, இன்னும் எத்தனை, இரண்டும் ஒற்றையா இரட்டையா என்று கேளுங்கள். 7 தாண்டினால் மிச்சம் 13. 8 என்றால் 12. ஏறினது ஒற்றை என்றால் மிச்சமும் ஒற்றை, இது இரட்டை என்றால் அதுவும் இரட்டை என்று பாதி மலை ஏறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். காரணத்தை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 21 வளைவு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.